பச்சை மையில் அடித்த சொல்

சந்தனப்பாக்கம் என்று இந்த ஊருக்குப் பெயர் வைத்தவர் இன்று வந்து இறங்கினால், மூக்கைப் பொத்திக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவார். எனக்கு அந்த வசதி இல்லை. வேலையாக வந்திருந்தேன்.

காலை ஒன்பதரை மணி. ஊர் முகப்பில் கல்யாண மண்டப வளைவு அளவுக்கு ஒரு மின்பலகை. "இன்றைய உலை வெப்பநிலை 5400. நஞ்சில்லா நகரம் உங்களை வரவேற்கிறது" என்று பச்சை எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்று மூச்சை இழுத்தேன். கருகிய பிளாஸ்டிக், புளித்த சோறு, இரண்டுக்கும் நடுவில் ஒரு தித்திப்பு. அந்தத் தித்திப்புதான் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டு குமட்டியது. ஐயாயிரத்து நானூறில் எரிகிற எதுவும் நாறாது. நாறுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஒன்று பலகை பொய் சொல்ல வேண்டும், அல்லது என் மூக்கு பொய் சொல்ல வேண்டும்.

நான் மங்கையர்க்கரசி. உலைச் சான்று வாரியத்தில் முதுநிலை அலுவலர். அலுவலகத்தில் அரசி மேடம் என்பார்கள், நான் இல்லாதபோது வேறு பெயர் சொல்வார்கள். குப்பைமேடுகளைச் சட்டம் போட்டு ஒழித்தபின் மாநிலம் முழுவதும் முப்பத்தெட்டு மின்தீ உலைகள் வந்தன. டார்ச் என்கிற குழலில் மின்சாரத்தைப் பாய்ச்சிக் காற்றையே தீயாக்கி, அந்தத் தீயில் ஊர்க்குப்பையைக் கொட்டுவது. பிளாஸ்மா என்பது அந்தத் தீயின் படித்த பெயர். அதற்குள் எந்த வெப்பமானியை விட்டாலும் உருகிப் போகும். அதனால் வெளியில் நின்று அதன் வெளிச்சத்தை அளந்து சூட்டைச் சொல்வோம். என் இருபத்தாறு வருடச் சம்பளம் அந்த வெளிச்சத்தில்தான் வந்தது.

உலையின் மேலாளர் நிர்மல் வாசலிலேயே காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. பன்னீர் தெளித்தார்கள், சால்வை போர்த்தினார்கள், குளிர்ந்த அறையில் உட்கார வைத்துப் பாதாம் பால் கொடுத்தார்கள். மேலே மஞ்சளாக ஆடை படிந்திருந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவில் அந்த ஆடை நடுங்கிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க மேடம். குங்குமப்பூ போட்டது."

"வேணாம். இந்த நாத்தம் எங்கேருந்து வருது?"

"எந்த நாத்தம் மேடம்?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே சுற்றுமுற்றும் பார்த்தார். இங்கே வேலை செய்கிறவர்களுக்கு மூக்கு எப்போதோ செத்துவிட்டது. தம்ளரை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கட்டுப்பாட்டு அறையைக் காட்டச் சொன்னேன்.

உலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படிகச் சாளரம் உண்டு. அதன் வழியாக வரும் வெளிச்சத்தை ஒரு கண்ணாடி இழை நிறமாலைமானிக்குக் கொண்டுவருகிறது. கரியும் நைட்ரஜனும் ஒட்டிப் பிறக்கிற மூலக்கூறு ஒன்று தீக்குள் ஊதா நிறத்தில் ஒளிரும். கருவி அந்த ஊதாவைச் சீப்புப் பற்கள் போலக் கோடு கோடாகப் பிரித்துத் திரையில் காட்டும். எந்தக் கோடு எவ்வளவு பிரகாசம் என்பதில் சூடு ஒளிந்திருக்கிறது. தீ சூடாக ஆக, கோடுகளின் கூட்டம் நீண்ட வாலாக விரியும். திரையில் 5400 என்று கொட்டை எழுத்தில் எண் இருந்தது. வால் மட்டும் குட்டையாக இருந்தது.

"இந்த வால் ஏன் இவ்ளோ குட்டையா இருக்கு?" என்று கேட்டேன்.

நிர்மல் சிரித்தார். "நீங்க கேப்பீங்கன்னு தெரியும் மேடம். மத்த ஆபீசருங்க நம்பரை மட்டும் பாத்துட்டுப் போயிடுவாங்க."

"இது சுழற்சி வெப்பநிலை இல்ல."

"இல்ல மேடம். அதிர்வு வெப்பநிலை."

பிறகு எனக்கே பாடம் எடுக்கத் தொடங்கினார். எடுக்கட்டும் என்று விட்டேன். எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது.

"ரெண்டு அணு சேந்த மூலக்கூறு பம்பரம் மாதிரி சுத்தும். சுத்தறப்பவே ஸ்பிரிங் மாதிரி உதறவும் செய்யும். சுத்தல்ங்கறது அக்கம்பக்கத்துல முட்டி மோதி, உலையில உள்ள சூட்டை அப்படியே வாங்கிக்கறது. உதறல் மின்சாரம் அடிக்கிற அடியில வர்றது. பழைய டார்ச்சுல ரெண்டும் ஒரே நம்பர்தான் காட்டும். இப்ப வந்திருக்கற டார்ச் கால்வாசி மின்சாரத்துல ஓடுது. இதுல உதறல் அஞ்சாயிரத்து நானூறு."

"சுத்தல் எவ்ளோ?"

அவர் ஒரு விசையைத் தட்டினார். திரையின் மூலையில் சின்னதாக இன்னோர் எண் வந்தது. ஆயிரத்து நூறு.

குப்பையை எரிக்க வேண்டியது அந்தச் சின்ன எண். ஆயிரத்து நூறில் பிளாஸ்டிக் அரைவேக்காடாகக் கருகும். கருகி, டயாக்சின் என்ற நஞ்சாகப் புகைபோக்கி வழியே ஊர்மேல் இறங்கும். தண்ணீரில் கரையாது, கொழுப்பைத் தேடிப் போய்க் குடியேறும். மீன், முட்டை, ஆட்டுக்கறி, கடைசியில் மனிதர். நிர்மலுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே இஸ்திரி போட்ட சட்டையோடு என் எதிரில் நிற்கிறார். கம்பளிப்பூச்சியை மிதித்துவிட்டது போல எனக்கு உடம்பு கூசியது.

"இது திருட்டு" என்றேன்.

"சட்டத்தை நீங்களே படிங்க மேடம். 'உலையின் மூலக்கூறு வெப்பநிலை ஐயாயிரத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.' எந்த வெப்பநிலைன்னு சொல்லல. உதறலும் மூலக்கூறோடதுதானே?"

"கோர்ட்டுல நிக்காது."

"நின்னுடுச்சு மேடம், போன வருஷம். உங்க வாரியம் ஆபீசருங்களுக்குச் சொல்லல போல. தமிழ்ல என்ன இருக்கோ அதுதான் சட்டம்னு சொல்லிட்டாங்க. முப்பத்தெட்டுல இருபத்தோரு உலை புது டார்ச்சுக்கு மாறியாச்சு."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பரவால்ல மேடம். ஆய்வு சுழற்சி முறையிலதானே நடக்குது. அடுத்த மாசம் வேற ஆபீசர் வருவாரு, அவர் போடுவாரு."

மரியாதை ஒரு சொல்லில்கூடக் குறையவில்லை. சுழற்சி முறை என்று அவர் சொன்னபோது மட்டும் எனக்குள் எங்கோ சுருக்கென்றது. காரணம் அப்போது பிடிபடவில்லை. கை கழுவ வேண்டும் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

குப்பை பிரிக்கும் கொட்டகையின் பின்புறம் வரிசையாகக் குழாய்கள். சோப்பு போட்டு இரண்டு முறை கழுவியும் விரல் நுனியில் அந்தத் தித்திப்பு போகவில்லை. பக்கத்துக் குழாயில் ஒரு பெண் கையுறையைக் கழற்றிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயது. நீலச் சீருடை, அடையாள அட்டையில் யாழினி என்ற பெயர். மார்புப் பக்கம் சட்டை இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. நான் பார்த்ததைப் பார்த்து, துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீங்கதான் சூடு பாக்க வந்த மேடமா?"

"ஆமா."

"ஒண்ணு கேக்கணும். நேரா பதில் சொல்லுவீங்களா?"

"கேளு."

"எனுக்கு நாலு மாசக் கொழந்த இருக்குது. பொம்பளப் புள்ள. பால் குடுக்கலாமா, கூடாதா?"

ஏன் என்னிடம் கேட்கிறாய் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் விடவில்லை.

"நர்சம்மா எங்க தெருவுல மூணு பேருகிட்ட பால் எடுத்து எங்கியோ அனுப்பனாங்க. இப்பதிக்கி குடுக்காதீங்கடின்னு காதோட சொன்னாங்க. அடுத்த வாரமே அவங்கள மாத்திட்டாங்க. ரிசல்டும் வர்ல. மேனேஜர் சார் என்னான்னா, பலகையில அஞ்சாயிரத்து நானூறு போட்டிருக்குது, எல்லாம் எரிஞ்சி பூடுது, தைரியமா குடும்மான்றாரு. எங்க மாமியா, தாய்ப்பாலு போயி வெசமாவுமாடின்னு தெனம் சண்ட. நான் பத்தொம்பது நாளா குடுக்கல. பவுடர் பால் ஒத்துக்கல, புள்ள பேதி ஆயி எலும்பும் தோலுமா கெடக்குது."

"பாலை என்ன பண்றே?"

"பீச்சிக் கீழ ஊத்தறன். பால் வத்திடக் கூடாதில்ல. பழைய துணியில, பஞ்சுல ஒத்தி எடுத்துக் குப்பையில போடறன். அது மறுநா குப்ப ஓடற பெல்ட்டுல என் கைக்கே வருது மேடம். நானே எடுத்து உலைக்குத் தள்ளறன்." சற்று நிறுத்தி, தரையைப் பார்த்துச் சொன்னாள். "என் ஒடம்பப் பாத்தா எனுக்கே அருவருப்பா இருக்குது."

அன்று காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்து அருவருத்துக்கொண்டிருந்தவள் நான். பலகை, பாதாம் பால், நிர்மலின் சட்டை. அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதி எனக்கு எந்த வகையில் இருந்தது என்று அப்போது வெட்கமாக இருந்தது. அவளுக்கு நேரான பதில் வேண்டும். அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும்.

"பத்து நிமிஷம் இங்கியே இரு. போயிடாத" என்று சொல்லிவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினேன்.

"அந்த வாக்கியத்தை யாரு எழுதினது? எந்த முட்டாள் எந்த வெப்பநிலைன்னு போடாம விட்டான்?" என்று நிர்மலிடம் கத்தினேன்.

நிர்மல் அலமாரியைத் திறந்து, கோப்பு ஒன்றை எடுத்து, நடுவில் அடையாளச் சீட்டு வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய சட்ட வரைவு. வழக்குக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய நகல். "உலையின் மூலக்கூறு சுழற்சி வெப்பநிலை" என்று தட்டச்சில் இருந்தது. சுழற்சி என்ற சொல்லின்மேல் பச்சை மையில் ஒரு கோடு. ஓரத்தில் பச்சை மையில் சுருக்கொப்பம். ம.அ.

என் கோடு. கடைசியில் லேசாக மேலே தூக்கும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

அந்தக் கூட்டம் முழுவதும் ஞாபகம் வந்தது. மதிய உணவுக்கு முன் கடைசி விதி. துணைச் செயலாளர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "மேடம், சுழற்சின்னு போட்டா, சுழற்சி முறையில மாசத்துக்கு ஒரு உலைன்னு எடுத்துக்குவாங்க. மத்த மாசம் அளக்காம விட்டுடுவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அரசாங்கத் தமிழில் சுழற்சி என்றால் ஆள் மாற்றி ஆள், முறை மாற்றி முறை. நானும் சிரித்தேன். அன்றைய டார்ச்சுகளில் சுற்றலும் உதறலும் ஒரே எண்தான். அந்தச் சொல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. பசி வேறு. பேனாவை எடுத்து ஒரே இழுப்பு. வாக்கியம் அழகாகிவிட்டது என்று நான் பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது. அடுத்த மேசையில் எலுமிச்சைச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க வருவீங்கன்னுதான் இதைத் தயாரா எடுத்து வெச்சேன் மேடம்" என்றார் நிர்மல். குரலில் கேலி இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இதைக் கெளறினா மொதல்ல உங்க பேருதான் வரும். நீங்க ரிட்டயராக இன்னும் ஆறு வருஷம் இருக்கு. நானும் வெளிய காட்ட மாட்டேன். நீங்களும் விட்டுடுங்க."

ஒரு நிமிடம் அவரைத் திட்டலாமென்று சொற்களைத் தேடினேன். வாயில் வந்ததெல்லாம் எனக்கும் பொருந்துவதாக இருந்தது. காலையில் அவரைப் பார்த்துக் கூசிய உடம்பு இப்போது என்னைப் பார்த்துக் கூசியது. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, மறுபடி கோப்பின் முன்னால் உட்கார்ந்தேன். அதே வரைவு, அதே மதியம். அன்று எனக்குச் சொற்களை வெட்டுகிற வெறி. சுழற்சியோடு நிறுத்தியிருப்பேனா என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன்.

நிறுத்தவில்லை. பதினாலாவது விதியிலும் ஒரு பச்சைக் கோடு இருந்தது. "உலையின் வெளியேற்றம் புகைபோக்கியில் எவ்விடத்தில் காணப்படினும் அலுவலர் மாதிரி எடுக்கலாம், ஆய்வு முடிவை எட்டு நாட்களுக்குள் ஊர் முகப்புப் பலகையில் வெளியிடல் வேண்டும்." இதில் புகைபோக்கியில் என்ற சொல்லை அடித்திருந்தேன். எவ்விடத்தில் என்று இருக்கும்போது அது எதற்கு என்று நினைத்திருப்பேன். ஓரத்தில் அதே ம.அ.

பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். யாழினி குழாயடியில் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"நேரா சொல்றேன்" என்றேன். "குடுக்காத. பலகையில இருக்கறது வேற சூடு, உலையில இருக்கறது வேற சூடு. குப்ப சரியா எரியல. நஞ்சு காத்துல வருது."

"அப்ப சார் சொன்னது பொய்யா?"

"பொய்யின்னு சட்டம் சொல்லாது. சட்டத்துல ஒரு வார்த்த இல்ல. அத அடிச்சது நான்."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. "ஒரு வார்த்தையா?"

"ஒரு வார்த்த."

"எதுக்கு அடிச்சீங்க?"

"அப்ப அது தேவையில்லன்னு நெனச்சேன். சாப்பிடற நேரம்."

யாழினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெல்ட்டில் எதையாவது தொட மனமில்லாமல் தொட வேண்டியிருக்கும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைக்கிறேன். நான் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இப்ப உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன்" என்றேன். பையிலிருந்து மாதிரிக் குப்பி ஒன்றை எடுத்தேன். சாம்பலும் தண்ணீரும் எடுக்கத் தருகிற முத்திரை மூடி போட்ட கண்ணாடிக் குப்பி. "இதுல உன் பால் வேணும். நான் வெளிய நிக்கற நேரத்துலயே எடுத்துக் குடு. நர்சம்மா எடுத்ததத் தொலைச்ச மாதிரி இத யாரும் தொலைக்க முடியாது. சட்டப்படி எட்டு நாள்ல ரிசல்ட ஊர் பலகையில போட்டே ஆகணும். அதுக்கு ஒருத்தர் கையெழுத்தும் வேணாம், அடுத்த மாச ஆபீசரும் தடுக்க முடியாது."

"பலகையிலயா?" அவள் துண்டை இறுக்கிக்கொண்டாள். "என் பால் என்னான்னு ஊரே படிக்குமா?"

"பேரு வராது. ஆனா எங்கேருந்து எடுத்ததுன்னு வரும். உங்க தெருவுக்குத் தெரிஞ்சிடும். நீ வேணாம்னா நான் போயிடறேன். கட்டாயம் இல்ல."

உலையின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அந்தப் பலகையப் பாத்துட்டு எத்தினி பேரு குடுத்துக்கினு இருக்காளுங்க தெரியுமா?" என்றாள். "எதுத்த வூட்டுல ஒருத்தி ரெட்டப் புள்ளைங்களுக்குக் குடுக்கறா." குப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் வாசலில் காவல் நின்றேன். நிர்மல் தேடிக்கொண்டு வந்தார். என்ன நடக்கிறது என்று சொன்னேன். முதல் முறையாக அவர் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது.

"மேடம், அது தாய்ப்பால். உலையோட வெளியேற்றம் இல்ல."

"உலையிலேருந்து கெளம்பி, காத்துல வந்து, அந்தப் பொண்ணு மூச்சுல போய், கொழுப்புல தங்கி, இப்ப வெளிய வருது. 'எவ்விடத்தில் காணப்படினும்'னு இருக்கு. எந்த எடம்னு சட்டம் சொல்லல."

"கோர்ட்டுக்குப் போவோம்."

"போங்க. தமிழ்ல என்ன இருக்கோ அதுதான் சட்டம்னு சொல்லுவாங்க. போறப்ப என் பச்சைக் கோட்டையும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டையுமே காட்டுங்க. நானும் வந்து, என் கையெழுத்துதான்னு சொல்றேன்."

அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பென்ஷன், பெயர், இத்தனை வருடச் சான்றுகளில் இருக்கிற என் கையெழுத்து எல்லாம் அவர் கண்ணில் ஓடியது தெரிந்தது. எனக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பயமாகத்தான் இருந்தது.

கதவு திறந்தது. யாழினி குப்பியை இரண்டு கையாலும் நீட்டினாள். பாதிக்கு மேல் இருந்தது. வெள்ளையாக, எந்த நாற்றமும் இல்லாமல் இருந்தது.

"வத்த விட்டுடாத" என்றேன். "எட்டு நாள். பீச்சிக்கினே இரு."

"எட்டு நாளு கழிச்சி நல்லதுன்னு வந்தா குடுக்கலாந்தானே?"

"குடுக்கலாம்."

அப்படி வராது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அதை அவள் கேட்டாள், நானும் சொன்னேன்.

மூடியை அழுத்தி முத்திரை வைத்து, சீட்டை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினேன். மாதிரி எண்: 1. இடம்: சந்தனப்பாக்கம். மாதிரி வகை என்ற கட்டத்தில், உலை வெளியேற்றம் என்று எழுதினேன். எழுதும்போது யாழினி எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் உதடு அந்தச் சொல்லில் ஒருமுறை கோணியது. நிர்மலும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி. எடுக்கும்போது வெப்பநிலை. குப்பியை உள்ளங்கைக்குள் வைத்து மூடினேன். வெதுவெதுப்பாக இருந்தது. முப்பத்தேழு டிகிரி என்று பச்சை மையில் எழுதினேன். எந்த வெப்பநிலை என்று யாரும் கேட்கவில்லை.